மாட்லோமோ உட்கார வைத்தவர்கள்

மேடையில் அமர்ந்திருக்கும் போதகர் அவர்களே, உம்சிம்வுபு ஓபரா குழுவின் தலைவர் மட்டிவானே ஐயா அவர்களே, மாட்லோமோவின் பிள்ளைகளே, லிபோடே கிராமத்திலிருந்து இருட்டோடு பஸ் ஏறி வந்திருக்கும் தாய்மார்களே, கோரஸ் தோழர்களே! உங்கள் துக்கத்தின் முன் தலை வணங்குகிறேன்.

நான் சிபாபலோ. ஒத்திகையில் பியானோ வாசிப்பவன்.

சுவரொட்டிகளில் அவர் பெயர் வுயெல்வா மபாண்ட்லா, கோரஸ் இயக்குநர். நமக்கு மாட்லோமோ. குலப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் திரும்புவார்.

பயத்தோடுதான் நிற்கிறேன். நம் ஊரில் பேசுகிறவன் நீட்டினால் யாரும் மணி அடிப்பதில்லை. கூட்டத்தில் ஒருவர் பாட்டை எடுப்பார். எல்லோரும் சேர்ந்துகொள்வார்கள். பேசுகிறவன் உட்கார வேண்டும். அமைச்சரானாலும் உட்கார வேண்டும். அந்தப் பாட்டை முதலில் எடுப்பவர் யார்? எத்தனை கூட்டங்களில், எத்தனை பெரிய மனிதர்களை உட்கார வைத்தவர் யார்?

மாட்லோமோ!

போன வருடம், லிபோடே பள்ளி மைதானம். எங்கள் நிகழ்ச்சிக்கு முன் வாழ்த்திப் பேச ஓர் அதிகாரி எழுந்தார். வெயில். பிள்ளைகள் வெறுந்தரையில். அவர் தம் வெளிநாட்டுப் பயணத்தில் அப்போதுதான் வியன்னாவை அடைந்திருந்தார். மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல். சுருதி கொடுக்கும் ஒரே ஒரு ‘டோ’. மைதானமே பாடியது.

பிறகு அந்த அதிகாரி அவரைத் தேடி வந்தார்.

“அம்மா, என் பேச்சு இன்னும் முடியலையே.”

“முடிஞ்சிருச்சுய்யா. உங்களுக்குத்தான் தெரியல.”

சிரியுங்கள். மாட்லோமோவுக்குப் பிடிக்கும்.

இன்று என்னை உட்கார வைக்க அவர் இல்லை. அதனால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

மேடை ஏறும்போது தலைவர் என் காதில் சொன்னார்: “தம்பி, ஓபரா சீசன் பேச்சை இங்க எடுக்காத. இது சாவுக் கூட்டம்.” மன்னியுங்கள், ஐயா. இந்தச் சாவையும் அந்த சீசனையும் நான் எப்படிப் பிரிப்பேன்? எனக்குப் பின் நீங்கள் பேசப்போகிறீர்கள். நீங்கள் அறிவிக்கப்போவது வாசலில் தேநீர் ஊற்றும்போதே பரவிவிட்டது. தொடக்க நிகழ்ச்சி லிபோடேயில் இல்லை, நகர அரங்கில். நம் கோரஸ் இல்லை, கேப் டவுனிலிருந்து ஒரு கோரஸ். கிராம நிகழ்ச்சிகள் தள்ளிவைப்பு. மாட்லோமோவுக்கு மரியாதையாக.

மரியாதையா?

நம் கோரஸ் யார்? பெட்ரோல் பங்கில் நிற்கும் டெனர், நம் ஆண்களின் மேல்குரல். சந்தையில் கோழி விற்கும் ஆல்ட்டோ, நம் பெண்களின் கீழ்க்குரல். இதோ, இந்த வரிசையில் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த வருடம் பாடாத குரலை அடுத்த வருடம் யார் தேடுவார்?

நம் புது ஓபரா ‘நதியின் மனைவி’. இரண்டாம் அங்கத்தில் பெண்கள் கரையில் நின்று கூப்பிடுவார்கள். எதிர்க் கரையிலிருந்து ஆண்கள் பதில் பாடுவார்கள். கரைப்பாட்டு. அதை மாட்லோமோ ஒத்திகை அறையில் மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை. லிபோடே தேவாலயக் கூடத்தில், வியாழக்கிழமை ஜெபம் முடிந்து வரும் தாய்மார்களையும் பிடித்து உட்கார வைத்தார்.

“பார்க்க வர்றவங்களுக்கு எதுக்கு, மாட்லோமோ?” என்றேன்.

“ஆறுன்னா ரெண்டு கரை வேணும்டா. மேடை ஒரு கரை. இன்னொண்ணு எங்க?”

ஆல்ட்டோக்களை அவர் விரட்டியது காதிலேயே இருக்கிறது. “அக்கரையில நிக்கிற புருஷனைக் கூப்பிடுங்கடி! கடன்காரனைக் கூப்பிடற மாதிரி இருக்கு!” பின்னாலிருந்து ஒரு குரல்: “ரெண்டும் ஒரே ஆளுதான், மாட்லோமோ!” அன்று ஒத்திகை அதோடு முடிந்தது. சிரிப்பில் யாருக்கும் சுருதி நிற்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தேன். நர்சுகள் ஒரு தேவாலயப் பாமாலை பாடிக்கொண்டிருந்தார்கள். கண் திறக்காமல் சொன்னார்: “இந்த வார்டுல எல்லாம் இருக்கு. டெனர்தான் இல்ல.” பிறகு: “லிபோடேயில ஆரம்பிங்க.”

தலையாட்டினேன். குழுவின் சார்பில் தலையாட்ட எனக்கு அதிகாரம் இல்லை. ஆட்டினேன்.

மாட்லோமோ இல்லாமல் கோரஸ் தயாராகாது என்கிறார்கள். அவர் வேலை செய்தது எதற்காக? தாம் இருக்கும்வரை மட்டும் நாம் பாடுவதற்கா?

கேட்கிறது. இடது பக்கம் கேட்கிறது. சிவப்பு மேலாடை, வெள்ளைத் தொப்பி, வியாழக்கிழமை ஜெபத் தாய்மார்கள். அம்மா, பாட்டை எடுக்கிறீர்கள். நான் நீட்டிவிட்டேன். ஒன்றே ஒன்றைச் சொல்லிவிட்டு உட்கார்கிறேன். லிபோடேயில் தொடங்குவோம்! நம் குரல்களோடு தொடங்குவோம்! மேடை தராவிட்டால் மைதானத்தில். பியானோ தராவிட்டால், ஒருவர் ‘டோ’ கொடுத்து. மாட்லோமோ, உங்கள் உடலின் முன் இது எங்கள் உறுதி!

பொறுங்கள்.

இது பாமாலை இல்லை.

இது கரைப்பாட்டு. இரண்டாம் அங்கம். அம்மா, நீங்கள் யாரும் கோரஸில் இல்லையே! ஆல்ட்டோ தனியாகப் பிரிகிறது. சரியாகப் பிரிகிறது. மட்டிவானே ஐயா, கேளுங்கள். யார் தயாராக இல்லை?

மூன்றாம் அடி முடிந்ததும் எதிர்க் கரையிலிருந்து பேஸ், ஆண்களின் அடிக்குரல்கள், நுழைய வேண்டும். இந்தக் கூடத்துக்கே தெரியும், தலைவராவதற்கு முன் நீங்கள் மாட்லோமோவின் பேஸ். இந்த வருட ஒத்திகைகளிலும் பின்னால் நின்று இதை முணுமுணுத்தீர்கள். பியானோவிலிருந்து பார்த்தேன். இப்போதும் உங்கள் உதடு அசைகிறது.

இரண்டாம் அடி.

அக்கரையில் யாரும் இல்லை, ஐயா. கூப்பிடுகிறார்கள்.

நான் உட்கார்கிறேன். நீங்கள் எழுந்திருங்கள்.