மாமாவின் இடது காது

நல்ல கத்தரிக்கோல் ஒன்று கைவசம் இருந்தால் வீட்டில் பாதி வேலை சத்தமில்லாமல் முடிந்துவிடும். என்னுடையது நான் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரியில் பழசென்று ஒதுக்கியது. பிடி கொஞ்சம் ஆடும், ஆனால் முனை இன்னும் ஊசி. அதை நீங்கள் நேற்றே எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டீர்கள். பரவாயில்லை அக்கா. நீங்கள் என் கணவருக்கு மூத்தவர், குடும்பமே சேர்ந்து உங்களை அனுப்பியிருக்கிறது, ஏன் செய்தேன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. உட்காருங்கள், சொல்கிறேன். நடுநடுவே நெஞ்சைப் பிடித்துக்கொள்ளாமல் கேட்டால் சீக்கிரம் முடிந்துவிடும்.

உங்கள் தம்பியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நிலம் அளக்கிற உத்தியோகம். ஊரார் நிலத்தை அளந்தது போதாதென்று வீட்டுக்கு வந்தும் அளப்பார். துண்டு காயப்போட்டால் கொடியின் இரண்டு பக்கமும் ஒரே அளவு தொங்க வேண்டும். செருப்புகள் ஜோடியாக இருந்தால் போதாது, நேராகவும் நிற்க வேண்டும். எனக்கு எல்லாமே குத்துமதிப்பு. உப்புப் போடுவதும் அப்படித்தான், கல்யாணத்துக்குச் சரி என்று சொன்னதும் அப்படித்தான்.

பொழுதுபோக்கிலும் அதே கதை. அவர் வரைகிறவர், நான் வெட்டி ஒட்டுகிறவள். எனக்கு ஒரு மரம் வேண்டுமென்றால் எதிலாவது பச்சை தெரிகிறதா என்று பார்ப்பேன், கத்தரிப்பேன், ஒட்டுவேன், மரம் முளைத்துவிடும். அது கீரைக்கட்டா, யாருடைய சட்டையா என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருக்க மாட்டேன். அவர் பென்சில் சீவவே அரை நாள் எடுத்துக்கொள்வார். சீவி முடித்ததும், இன்றைக்கு வெளிச்சம் சரியில்லை என்று எல்லாவற்றையும் மூடி வைத்துவிடுவார்.

நான்கு வருடமாக அவர் தாளில் வண்ணம் தீட்டி வரைந்தது ஒரே ஒரு படம். மாமாவின் முகம், அதாவது உங்கள் அப்பாவின் முகம். மாமாவின் எழுபத்தைந்தாவது பிறந்தநாளன்று சொந்தக்காரர்கள் எல்லோர் முன்னாலும் அதைத் திறந்து வைக்க வேண்டும், அப்போது மாமா வாயிலிருந்து "நல்லாருக்குடா" என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். இதுதான் உங்கள் தம்பியின் ஆசை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதிலிருந்தே அந்த ஒரு வார்த்தைக்குக் காத்திருக்கிறாராம். மாமா எதையும் சுலபத்தில் பாராட்டுகிறவர் இல்லை. கல்யாணக் கோலத்தில் உங்களைப் பார்த்தே "ம், பரவாயில்லை" என்றாராமே.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் மாமா ஜன்னலோரம் அதே நாற்காலியில், அதே கட்டம் போட்ட சட்டையில் உட்கார வேண்டும். நாற்காலி நகர்ந்துவிடக் கூடாதென்று அதன் கால்களைச் சுற்றித் தரையில் சாக்பீஸ் கோடு. ஒரு நாள் தெரியாமல் துடைத்துவிட்டேன், வாரம் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மாமாவின் மூக்கில் ஈ உட்கார்ந்தால் அது தானாக எழுந்து போகும்வரை எல்லோரும் காத்திருக்க வேண்டும். இடது காது மட்டும் ஒரு மழைக்காலம் முழுக்க இழுத்தது. நூல் வைத்து அளப்பார், தள்ளி நின்று பார்ப்பார், கிட்ட வந்து பார்ப்பார். அந்த மழைக்காலத்தில்தான் நான் முடியைக் கழுத்துவரை வெட்டிக்கொண்டு வந்து அவர் முன்னால் நின்றேன். "கொஞ்சம் தள்ளிக்கோ, காது மேல நிழல் விழுது" என்றார். அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. பேச்சோடு பேச்சாகச் சொன்னேன்.

படம் முடிந்ததும் ஒரு பழைய போர்வையால் மூடிச் சுவர்ப்பக்கம் சாய்த்து வைத்தார். "படம் ஆறணும். இனிமே பிறந்தநாள் அன்னிக்குத்தான் பார்ப்பேன். அப்பத்தான் புதுசா தெரியும்" என்றார். சொன்னால் சொன்னதுதான், அந்தப் பக்கமே திரும்பவில்லை. இங்கே ஒன்றைக் கவனியுங்கள் அக்கா. அவர் பூட்டி வைக்கவில்லை. தொடாதே என்றும் என்னிடம் சொல்லவில்லை.

அதே சமயத்தில்தான் எங்கள் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். அங்கே நாற்காலியில் மல்லாந்து கிடப்பவர்களுக்குப் பார்க்க வெள்ளைக் கூரையைத் தவிர ஒன்றும் கிடையாது. "நீதான் ஏதோ ஒட்டுவியாமே. மேல அழகா ஒண்ணு மாட்டிட்டா ஜனங்க தானா வாயைத் திறந்து வெச்சிக்கிட்டுக் கிடப்பாங்க" என்றார். என் வேலையை ஒருவர் கேட்டு வாங்குவது அதுதான் முதல் முறை. எனக்குத் தலைகால் புரியவில்லை. சாயங்காலக் கடற்கரை ஒன்று செய்து தருவதாக ஒத்துக்கொண்டேன்.

கடலுக்குப் பஞ்சமில்லை. காத்திருப்பவர்கள் படிக்கக் கிடந்த பத்திரிகைகளிலிருந்தே எடுத்துக்கொண்டேன். பத்திரிகையைப் பிரித்தால் ஓட்டை வழியாக எதிரில் இருப்பவர் முகம் தெரிகிறது என்று இரண்டொருவர் புகார் சொன்னார்கள். அவர்களுக்கும் பொழுது போக வேண்டாமா என்று விட்டுவிட்டேன். சிக்கல் வானத்தில் வந்தது. சூரியன் இறங்கும்போது அடிவானத்தில் ஒரு நிறம் வருமே, சிவப்பும் இல்லாமல், மஞ்சளும் இல்லாமல், கொஞ்சம் களைத்துப்போன நிறம். விளம்பரங்களில் அது கிடைக்காது. விளம்பரத்தில் யாரும் களைப்பதில்லை. தேடித் தேடி அலுத்துப்போயிருந்த ஒரு நாள் வீடு பெருக்கும்போது போர்வை நழுவியது. மாமாவின் கன்னம் தெரிந்தது.

முதலில் ஒரு விரற்கடை அளவுதான் எடுத்தேன். வானம் விரற்கடையோடு நிற்காது என்பது ஒட்டிப் பார்த்த பிறகுதான் புரிந்தது. மறுநாள் மிச்சக் கன்னம். ஒரு கன்னத்தை எடுத்துவிட்டு இன்னொன்றை விட்டால் முகம் கோணலாகத் தெரியும், உங்கள் தம்பிக்குக் கோணல் ஆகவே ஆகாது, அவருக்காகத்தான் அடுத்ததையும் எடுத்தேன். அப்புறம் மூக்கு மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது. தலைகீழாகத் திருப்பி வைத்தால் அருமையான பாறை. நெற்றி மணலாயிற்று. இடது காதைக் கரையில் ஒதுங்கிய கிளிஞ்சலாக வைத்தேன். அவ்வளவு நுணுக்கமான கிளிஞ்சலை எந்தக் கடலும் ஒதுக்கியிருக்காது, அந்தப் பெருமை உங்கள் தம்பிக்குத்தான். கண்களை நான் தொடவில்லை. எனக்கும் ஒரு வரம்பு உண்டு, தவிரவும் அந்த நிறம் தேவைப்படவில்லை.

வெறும் ஓட்டையாக விட்டுவைக்க மனசு வரவில்லை. எடுத்த இடத்திலெல்லாம் ஈடாக ஏதாவது ஒட்டினேன். கன்னங்களுக்கு ஒரு சோபா, காதுக்குக் காபிக் கோப்பையின் பிடி, மூக்குக்கு ஒரு கறுப்பு ஷூ. நெற்றிக்கு வாகாகக் கிடைத்த தாளில் "பாதி விலைக்கு" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதை வெட்டினால் நெற்றி சிறுத்துவிடும், அதனால் அப்படியே விட்டேன். யாரிடமிருந்தும் எதையும் சும்மா எடுத்துக்கொள்கிற பழக்கம் எனக்கு இல்லை.

பக்குவமாக எடுத்துச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டதில் பிறந்தநாளே வந்துவிட்டது. அன்று காலையில் மாமா வறுத்த கடலையைக் கடித்துக் கடைவாய்ப் பல்லை உடைத்துக்கொண்டார். நான்தான் டாக்டரம்மாவிடம் கெஞ்சி உடனே நேரம் வாங்கி அவரைக் கூட்டிக்கொண்டு போனேன், அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். கூரையில் என் கடற்கரை தொங்குவது நினைவிருந்தது. ஆனால் மாமா படுத்தால் தூங்குகிறவர்.

அன்று தூங்கவில்லை. ஊசி போட்டு வாய் மரத்து, பஞ்சு அடைத்து, முகத்துக்கு நேரே இருந்த விளக்கைத் தள்ளியதும் மேலே பார்த்தார். முதலில் ரசித்தார், அதை என் கண்ணால் பார்த்தேன். அப்புறம் பார்வை கரைப்பக்கம் போய் நின்றது. கையைத் தூக்கித் தன் இடது காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இருந்தது. மறுபடி மேலே பார்த்தார். "ஆ, ஆ" என்று விரலை நீட்டினார். வலி அடங்கவில்லை போலிருக்கிறது என்று டாக்டரம்மா இன்னொரு ஊசி போட்டார். மாமா முன்னைவிட வேகமாக மேலே காட்டினார். "பெரியவருக்கு உன் படம் ரொம்பப் பிடிச்சுப்போச்சு" என்றார் டாக்டரம்மா. நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்தும் மாமாவின் நாக்கு எழும்பவில்லை. உங்கள் தம்பியின் கையைப் பிடித்து இழுத்து, போர்வை மூடிய படத்தைக் காட்டி, "ழா, காழு, காழு" என்று என்னவோ சொன்னார். இவர் என்னைப் பார்த்தார்.

"அப்பா என்ன சொல்றார்? நீதானே கூடப் போனே."

"படத்தைப் பார்க்கணும்னு ஆசையா இருக்காம்" என்றேன். "இப்படி ஒரு பிள்ளை கிடைக்கக் கொடுத்து வெச்சிருக்கணுமாம்."

உங்கள் தம்பியின் கண் கலங்கிவிட்டது. மாமா தலையில் அடித்துக்கொண்டார். ஆனந்தத்தில் அடித்துக்கொள்கிறார் என்று அதற்கும் நானே விளக்கம் சொன்னேன். காற்றில் எழுதிக் காட்டிப் பேனா கேட்டார். மருந்து கேட்கிறார் என்று சொல்லி மாத்திரையைக் கொடுத்துப் படுக்க வைத்தேன். எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் அவ்வளவு சந்தோஷமாக நிற்கும் மனிதரிடம் எந்த வாயால் உண்மையைச் சொல்வது?

சாயங்காலம் நடந்ததை நீங்களே பார்த்தீர்கள். இவர் போர்வையை இழுத்தார். நீங்கள் கையிலிருந்த தட்டைக் கீழே போட்டீர்கள். கண்ணாடியை மறந்து வந்திருந்த சித்தி மட்டும் கிட்டப் போய், "அப்படியே அத்தான்தான். அந்த மூக்கு ஒண்ணு போதுமே" என்றார். பின்னாலிருந்து யாரோ "பாதி விலைக்கு" என்று வாய்விட்டுப் படித்தார்கள். உங்கள் தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை. கத்துவார் என்று எதிர்பார்த்தேன், கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஷூவைத் தொட்டுப் பார்த்தார், வெட்டிய விளிம்பில் விரலை ஓட்டினார், அப்புறம் திரும்பி என்னைப் பார்த்தார். நான் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டேன். அதை மறைக்கப் போவதில்லை.

மாமாவுக்கு அப்போதுதான் பாதி நாக்கு திரும்பியிருந்தது. எழுந்து வந்து மகனின் தோளில் கை வைத்தார். வாயோரம் தண்ணீர் வழிய, "நீ வரைஞ்ச காது அங்க ஆஸ்பத்திரிக் கூரையில இருக்குடா" என்றார். "மல்லாந்து படுத்து, வாயில பஞ்சோட பார்த்தேன். என் காதுன்னு உடனே தெரிஞ்சுது. ரொம்ப நல்லாருக்குடா." அந்த வார்த்தை வந்துவிட்டது அக்கா. அந்தக் காது போர்வைக்குள்ளேயே இருந்திருந்தால் வந்திருக்குமா, நீங்களே சொல்லுங்கள். மறுநாள் உங்கள் தம்பி எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து, பல்லில் ஒன்றும் இல்லாமலே சுத்தம் செய்யச் சொல்லிப் படுத்து, முடியும்வரை மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்ததும் என்னைத் தாண்டிப் போய்விட்டார்.

அதன் பிறகு என்னோடு பேசவே இல்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் வாயைத் திறந்தார். நாற்காலியைக் காட்டி, "உட்காரு. உன்னை வரையப் போறேன்" என்றார். "ரெண்டு கையும் மடி மேல இருக்கணும். எனக்குத் தெரியற மாதிரி." எவ்வளவு நாளாகும் என்று கேட்டேன். "கைக்கு மட்டும் அஞ்சு வருஷம்" என்றார். இது தண்டனை என்று நீங்கள் எல்லோரும் பேசிக்கொள்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் விடுதலையாகிக் காலாற நடக்கப் போகும் மாமாகூட, "உன் கையைக் காவல் காக்கறதுக்கு அவனுக்கு வேற வழி தெரியலைம்மா" என்று சிரிக்கிறார். சிரிக்கட்டும். அன்று காலையிலிருந்து மதியம்வரை உங்கள் தம்பி என்னைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் என்னை அவ்வளவு நேரம் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஆனால் அதற்காகத்தான் செய்தேன் என்று மட்டும் அவர்களிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள் அக்கா. வானத்துக்கு நிறம் போதவில்லை, அவ்வளவுதான்.