முப்பது பேரும் எட்டு

...எழுதாதீங்க தோழரே, கொஞ்சம் பொறுங்க. பேனாவ மூடுங்க. அந்தத் தாள்ல நீங்க இப்ப என்ன நம்பர் போட்டாலும் அது செல்லுமா செல்லாதான்னு இந்த ஆஸ்பத்திரியில யாருக்கும் தெரியாது. நாலு மணிக்கு மாடியில ஆஸ்பத்திரிக் கமிட்டி உட்காருது. ஆராய்ச்சிய மூடலாமா வேண்டாமான்னு. மூடிட்டாங்கன்னா முப்பத்தொரு பேரோட கட்டித் துண்டும் ஐஸ் பெட்டியிலேர்ந்து நேரா குப்பைக்கு. ஆறு மாசமா எங்க கையில குத்திக் குத்தி எடுத்த ரத்தமும் அதே வழி. எவ்வளவு பெரிய அக்கிரமம் பாருங்க. நம்ம கட்டி, நம்ம ரத்தம், நம்மகிட்ட ஒரு வார்த்த கேக்கல.

என் பேரு மெர்வ் ஹாட்ரிக். கெம்ப்லா துறைமுகத் தொழிற்சங்கத்துல முப்பத்தெட்டு வருஷம். கேள்விப்பட்டிருப்பீங்களே... இல்லையா? பதினோரு வார ஸ்டிரைக்? அதுவும் இல்லையா. சரி, நீங்க எந்த வேலை... பல்லு டாக்டரா. அப்ப கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. தப்பில்ல. உங்களயும் யாரோ ஒருத்தன் சுரண்டத்தான் செய்வான், உங்களுக்கு அது தெரியாது, அவ்வளவுதான்.

முதல் நாளா? கைய அப்படி மடக்காதீங்க, மருந்து மெஷின் கோவிச்சுக்கிட்டு கத்தும். உங்க கீமோ பை சின்னது, மூணு மணிக்கெல்லாம் விட்டுருவாங்க. எனக்கு அஞ்சாகும். எனக்குக் கட்டி பெருங்குடல்ல. உங்களுக்கு? ...வேண்டாம், சொல்ல வேண்டாம். முதல் நாள் யாருக்கும் வாய் வராது.

அந்தத் தாள்ல தெர்மாமீட்டர் படம் இருக்குல்ல, பூஜ்யத்துலேர்ந்து பத்து வரைக்கும். காய்ச்சலுக்கு இல்ல, மனக்கஷ்டத்துக்கு. இந்த வாரம் உங்க மனக்கஷ்டம் எத்தன, வட்டம் போடுங்கங்கறாங்க. நான் முதல்ல சிரிச்சேன். என் கஷ்டத்த அளக்க வந்தவன் எல்லாரும் கப்பல் கம்பெனி வக்கீலாத்தான் இருந்திருக்கான். ஆனா இந்த ஆராய்ச்சிய நடத்தற டாக்டர் லிட்டியா உட்கார வெச்சு விளக்கினாங்க. ஃபிஜிக்காரம்மா. சத்தமே வராது, ஆனா கேட்ட கேள்விக்கு நேரா பதில் வரும். என்ன சொன்னாங்கன்னா, மனசு நொந்தா உடம்புல ஒரு சரக்கு ஓடுமாம். அது கட்டிக்குப் போய்ச் சேர்ந்தா கட்டி வேற மாதிரி நடந்துக்குமா, இல்ல அது பாட்டுக்கு இருக்குமா. அதான் ஆராய்ச்சி. அதுக்குத்தான் வியாழக்கிழமை வியாழக்கிழமை ரத்தம் ஒரு குழாய், தாள் ஒண்ணு. ரெண்டயும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கறாங்க.

கட்டியப் பத்தி நான் நல்லா படிச்சிட்டேன் தோழரே. அது தன் முறை வந்தா சாகாது. மத்த செல்லெல்லாம் வேலைய முடிச்சிட்டு ஒழுங்கா செத்து இடத்த விடும், இது விடாது. தனக்கு மட்டும் தனியா ரத்தக்குழாய் போட்டுக்கும், மந்திரி வீட்டுக்கு ரோடு போட்ட மாதிரி. காவலுக்கு வர வெள்ளை அணுகிட்ட நானும் உங்க ஆளுதான்னு சொல்லிப் பல்ல காட்டும். நாப்பது வருஷமா நான் யாரோட சண்ட போட்டேனோ அவனேதான், தோழரே. இப்ப உள்ள வந்து உட்கார்ந்திருக்கான். 'கட்டி எந்த வர்க்கம்?'னு ஒரு துண்டறிக்க எழுதி எல்லா நாற்காலியிலயும் வெச்சேன். லிட்டியா அதப் படிச்சிட்டு அறிவியல்ல ரெண்டு தப்பு, எழுத்துல பதினாறு தப்புன்னு செவப்பு மையில திருத்தித் திருப்பிக் குடுத்தாங்க. அன்னிக்குத்தான் அந்தம்மா மேல எனக்கு மரியாதை வந்துச்சு.

என்ன சொல்லிட்டிருந்தேன்... ஆங், தெர்மாமீட்டர்.

ஏழோ அதுக்கு மேலயோ போட்டா மனசு வைத்தியம் பாக்கற அம்மா வந்து உங்களோட அரை மணி பேசணும். அதுதான் சட்டம். இப்ப நம்ம ஜனங்க லட்சணம் உங்களுக்குத் தெரியும். எப்படி இருக்கன்னு கேட்டா 'மோசமில்ல'. கால் ரெண்டும் ரயில்ல போனாலும் 'மோசமில்ல, செருப்புச் செலவு மிச்சம்'. நான் சும்மா எட்டிப் பாத்தேன், ஒவ்வொரு தாளா. ஒண்ணு. ரெண்டு. ஒண்ணு. அதோ பிளகோயா, அந்தப் பெரிய மீசை, கிரேன் ஓட்டினவன், மாசிடோனியாக்காரன். இடது நுரையீரல் பாதி இல்ல. பொண்டாட்டி ராத்திரி பூரா குளியலறையில தண்ணியத் திறந்து விட்டுட்டு அழறா, அவனே சொன்னான். அவன் போட்ட நம்பர் ஒண்ணு. ஏன்டான்னு கேட்டா, "எங்க ஊர்ல பூகம்பத்துக்குத்தான் ரெண்டு போடுவோம்"ங்கறான்.

எனக்கு ரத்தம் கொதிச்சிருச்சு. நீ ஒண்ணு போட்டா நிர்வாகம் என்ன நினைக்கும்? ஆளுங்க சந்தோஷமா இருக்காங்கன்னு நினைக்கும். நாளைக்கு அந்த மனசு வைத்தியம்மாவயே வேலைய விட்டு எடுத்துரும். தனித்தனியா வட்டம் போட்டா தனித்தனியாத்தான் சாவோம். அதனால கூட்டம் போட்டேன். இதே அறையில, சொட்டற மருந்து சொட்டிட்டிருக்க. ஆமா, நான்தான் போட்டேன். வேற யாரு போடுவா.

கோரிக்கை நாலு. ஒண்ணு, ஸ்பீக்கர்ல போடற திமிங்கலம் அழற பாட்ட நிறுத்தணும். ரெண்டு, இந்த நோய 'பயணம்'னு சொல்லக் கூடாது. பயணம்னா திரும்பி வர டிக்கெட் இருக்கணும். மூணு, யாரையும் போர்வீரர்னு கூப்பிடக் கூடாது. படுத்துக்கிட்டு வாந்தி எடுக்கறவன் எந்த ஊர் வீரன்? நாலு, நம்ம கட்டியில என்ன கண்டுபிடிச்சாங்கன்னு நமக்கு முதல்ல சொல்லணும். இந்த நாலும் நடக்கற வரைக்கும் எல்லாரும் ஒரே நம்பர்.

என்ன நம்பர்ங்கறதுல ஒன்றரை மணி நேரம் விவாதம். ஏழுன்னா அது சமரசவாதம். பத்துன்னா அது சாகசவாதம், ஒருத்தனும் நம்ப மாட்டான். ஒன்பதுக்கு நாலு பேர் நின்னாங்க, கீமோ முடிஞ்சு தூக்கம் வந்ததும் விட்டுட்டாங்க. கடைசியில எட்டு. கையத் தூக்கச் சொல்லி எண்ணினேன். ஊசி போட்ட கை தூக்க முடியாதவங்க கால தூக்கினாங்க. நிறைவேறிருச்சு.

மறு வியாழன் முப்பது தாள்ல எட்டு. அந்த அழகப் பாத்திருக்கணும் நீங்க. துறைமுகத்துல கூட எனக்கு அப்படி ஒரு கட்டுப்பாடு கிடைச்சதில்ல. பிளகோயா மூச்சு வாங்கிக்கிட்டு வட்டம் போட்டான், ரெண்டு தடவ சுத்திப் போட்டான்.

அதுக்கப்புறம் என்ன ஆச்சு தெரியுமா? ரெண்டே நாள்ல திமிங்கலத்த நிறுத்திட்டாங்க. நர்சுங்களுக்கும் அது பிடிக்கலயாம். பயணம், வீரர் ரெண்டையும் அடிச்சிட்டு புது நோட்டீஸ் ஒட்டினாங்க. நாலாவது கோரிக்கைக்கு லிட்டியாவே நாற்காலி நாற்காலியா வந்து, அவங்கவங்க கட்டிப் படத்தக் காட்டி, இது இங்க ஓடுது, இது இங்க நிக்குதுன்னு சொன்னாங்க. கேட்டதும் குடுத்துட்டாங்க தோழரே. என் வாழ்க்கையில இப்படி ஒரு அவமானம் எனக்கு நடந்ததில்ல.

...நிறுத்திருக்கலாமா? எதுக்கு நிறுத்தணும்? சண்ட போடாம குடுக்கறான்னா உள்ள ஏதோ சூது இருக்குன்னு அர்த்தம். நான் எழுதியே வெச்சிருக்கேன், ஒரு துண்டறிக்கையில. அதனால இன்னொரு கோரிக்கப் பட்டியல் போட்டோம். பிஸ்கெட்டுக்கு ஒரு துணைக்குழு. கார் நிறுத்தற இடத்துக்கு ஒரு துணைக்குழு. துணைக்குழுக்களக் கண்காணிக்க ஒரு துணைக்குழு, அதுக்கு பிளகோயா தலைவர். டை கட்டிக்கிட்டு வர ஆரம்பிச்சிட்டான். வியாழக்கிழமை ஆனா ஜனங்க அரை மணி முன்னாடியே வராங்க. அவன் பொண்டாட்டி எங்கிட்ட வந்து, வீட்டுல ராத்திரி உட்கார்ந்து மினிட்ஸ் எழுதறான்னு சொல்லிச் சிரிச்சா. ஆறு வாரம் இப்படி. ஆறு வாரமும் முப்பது பேரும் எட்டு.

முப்பத்தொண்ணுல முப்பது. மிச்சம் ஒண்ணு... அந்த ஓரத்துல பச்சை ஸ்வெட்டர். பாக்காதீங்க, நேரா பாக்காதீங்க. நோலா பிரென்டிஸ். பள்ளிக்கூட கேன்டீன்ல சமைச்ச அம்மா. எங்க எல்லாரையும் விட அவங்களுக்குத்தான் முத்தினது. இன்னிக்குத்தான் கடைசி பை. இதுக்கு மேல வேண்டாம்னு அவங்களே சொல்லிட்டாங்க. கூட்டத்துல எதிர்த்து கை தூக்கின ஒரே ஆள். முதல் வாரம் ஆறு போட்டாங்க, அடுத்தது அஞ்சு, அப்புறம் மூணு. நான் போய்க் கேட்டேன், நோலா, உனக்கே இது நியாயமா, உனக்கு எப்படி மூணு வரும்னு. "மூணுதான் மெர்வ். கட்டிய குடுத்தேன், நம்பரயும் குடுக்கறேன். ரெண்டும் நெசமா இருந்தாத்தான் பின்னாடி வர யாருக்காவது ஆகும். எங்கிட்ட வேற ஒண்ணும் இல்ல குடுக்க"ன்னாங்க.

கருங்காலின்னு சொல்லிட்டேன்.

எல்லார் முன்னாடியும் சொன்னேன். சொல்லி, யாரும் இவங்களோட பேசக் கூடாதுன்னு தீர்மானமும் போட்டேன். எங்க வழக்கம் அது. துறைமுகத்துல ஒருத்தன்கிட்ட பத்தொம்போது வருஷம் பேசாம இருந்தேன், அவன் என் மச்சான். இந்த ஜனங்க ஒரு வாரம் கூட தாங்கல. மறு வியாழன் பாத்தா பிளகோயா அவங்க பக்கத்துல உட்கார்ந்து கேக்குக்கு எத்தன முட்டைன்னு கேட்டுட்டிருக்கான். தீர்மானத்த இன்னிக்கு வரைக்கும் மதிக்கறது நான் ஒருத்தன்தான். மூணு வாரமாச்சு.

சரி, விஷயத்துக்கு வரேன். போன திங்கக்கிழமை என் வீட்டு வாசல்ல லிட்டியா வந்து நிக்கறாங்க, கையில கத்தை காகிதம், முகம் செத்திருக்கு. "மெர்வ், முப்பது பேர் தாளும் நரகம்னு சொல்லுது. ரத்தம் பாத்தா எல்லாரும் கடற்கரைக்குப் போய் வந்த மாதிரி இருக்கு. இத இப்படியே அச்சுல போட்டா, நோயாளிகள நல்லா வதைங்க, உடம்புக்கு நல்லதுன்னு அர்த்தம் வரும்"ங்கறாங்க. அப்புறம் மெதுவா, "யாரோ எழுதச் சொல்லிருக்காங்க. யாரு, எந்த வாரத்துலேர்ந்துன்னு கமிட்டிக்குத் தெரிஞ்சா போதும். அதுக்கப்புறம் அவங்க போட்ட தாள மட்டும் ஒதுக்கிட்டு மிச்சத்தக் காப்பாத்திடுவேன். தெரியலன்னா எது நெசம்னு பிரிக்க முடியாது. நோலாவோடதும் சேத்து எல்லாம் போயிரும்"னாங்க.

என்னையே பாத்தாங்க. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னேன்.

விசாரணைக் கமிஷன் முன்னாடி மூணு தடவ நின்னவன் நான். ஒரு பேர் சொன்னதில்ல. யார் பேரும். என் பேரக் கேட்டப்பக் கூட வக்கீலப் பாருன்னேன். எழுபத்தாறு வயசுல வந்து பழக்கத்த மாத்தச் சொன்னா? மத்த இருபத்தொம்போது பேரும் வாயத் திறக்கல. என் ஆளுங்க. ரெண்டு பேரு கேள்வி கேக்கறப்பவே தூங்கிட்டாங்க, அது வேற.

நோலாவக் கேட்டிருக்காங்க. அதான் தோழரே... அதான் எனக்கு நேத்துலேர்ந்து சோறு இறங்கல. நர்சு ஒருத்தி சொன்னா. கமிட்டிக்காரன் நேத்து அவங்கள இங்க வரவழைச்சு, பக்கத்துல உட்கார்ந்து ஒரு மணி நேரம் கேட்டிருக்கான். நீங்க ஒருத்தர்தான் மாத்திப் போட்டிருக்கீங்க, உங்களுக்குக் கட்டாயம் தெரியும், சொன்னா உங்க துண்டாவது மிஞ்சும்னு. பின்னல் ஊசியக் கூட நிறுத்தாம, "எனக்கு ஒண்ணும் தெரியாதே தம்பி, எங்கூட யாரும் பேசறதில்ல"ன்னாங்களாம்.

நான் கருங்காலின்னு சொன்ன பொம்பள.

...போய்ச் சொல்லலாம்தான். எப்படிப் போறது, பாருங்க, பையில இன்னும் பாதி கிடக்கு. ...சக்கரமா? இருக்கு. பை தொங்கற கம்பத்துக்குச் சக்கரம் இருக்குன்னு எனக்கும் தெரியும். அது இல்ல தோழரே. வாய் அந்தப் பக்கம் திரும்பாது. நேத்து கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பாத்தேன், 'நான்தான்'னு. வரல. வக்கீலப் பாருன்னு வருது.

ஆனா பக்கத்து நாற்காலிக்காரர்கிட்ட பேசறது வாக்குமூலம் ஆகாது. கையெழுத்து கிடையாது, சாட்சி கிடையாது. சும்மா பேச்சு. அத அவர் எங்க போய்ச் சொன்னாலும் அது அவர் பொறுப்பு. சட்டத்துல அப்படித்தான். ...இல்லையா? பல்லு டாக்டருக்கு என்ன தெரியும் சட்டம்.

உங்க பை முடிஞ்சிருச்சு போல. இருங்க, நர்ச கூப்பிடறேன். ...ஆமாம்மா, இவர் போகலாம். பஞ்ச அழுத்திப் பிடிங்க.

எங்க கிளம்பிட்டீங்க? வெளிய போற வழி இந்தப் பக்கம். அந்தப் பக்கம் லிஃப்ட் கிடையாது, லிட்டியா அறைதான் இருக்கு. இடது கைப் பக்கம் மூணாவது கதவு. நாலு மணி வரைக்கும் இருப்பாங்க. ...நான் ஒண்ணும் சொல்லல. வழி கேட்டீங்க, வழி சொன்னேன். கேக்கலையா? சரி, கேக்கல.

ஹாட்ரிக். மார்ச் மாசம் ரெண்டாவது வியாழன். கூட்டம் போட்டது, தீர்மானம் கொண்டுவந்தது, கை எண்ணினது, எல்லாம் ஒரே ஆள். பிளகோயா பேர் வரக் கூடாது, தெரிஞ்சுதா. அவன் டை கட்டினதோட சரி. அப்புறம் அந்த மூணு, அந்த அஞ்சு, அந்த ஆறு, அதெல்லாம் அசல் நெசம்னு சொல்லுங்க. ஒரு எழுத்து கூடக் குறைய வேண்டாம்.

போயிட்டார். திரும்பிக் கூடப் பாக்கல. கதவத் தட்டிட்டு உள்ள போறார் மனுஷன். எத்தன சுலபமாத் தட்டறான் பாரு.

...நோலா.

ஏய், நோலா. இங்க ஒரு நாற்காலி காலியா இருக்கு. ...உன்கிட்டதான் பேசறேன், வேற யாருகிட்ட. ...தீர்மானமா? அத ரத்து பண்ணியாச்சு. இப்பத்தான். ஏகமனதா.