வெறும் கட்டம்

ஷஹனாஸ்: …டீ அப்புறம் குடிக்கிறேன்க்கா. மொதல்ல இந்தக் கட்டம் என்னன்னு சொல்லு.

நஜ்முன்னிசா: நாலு மாசம் பத்து நாள் வீட்டுக்குள்ளயே இத்தா இருந்து முடிச்ச கையோட பாலக்கரையிலேர்ந்து உறையூருக்கு பஸ் ஏறி வந்தது இதுக்குத்தானா? கூடப் பொறந்தவளப் பாக்க வந்தேன்னு ஒரு பொய்யாச்சும் சொல்லேண்டி.

ஷஹனாஸ்: உன்னையும் பாத்தாச்சு. இந்தா, போனைப் புடி.

நஜ்முன்னிசா: உன் புருசன் சாதிக் தம்பி அனுப்புனதுல்ல… என்னடி இது, எல்லாம் பொம்மையாவே இருக்கு? ஒரு எழுத்தைக் காணோம்?

ஷஹனாஸ்: மச்சானுக்கு டைப் அடிக்கச் சோம்பல். பஸ் எமோஜி வந்தா வேலைக்குக் கெளம்பிட்டாங்க. சோத்துக் கிண்ணம் வந்தா சாப்புட்டாங்க. நிலா வந்தா… அது உனக்கெதுக்கு?

நஜ்முன்னிசா: அடியே!

ஷஹனாஸ்: கடைசியா வந்ததப் பாரு. வெறும் கட்டம்.

நஜ்முன்னிசா: உன் போன் பழசு. புதுசா வந்த எமோஜின்னா இப்படித்தான் கட்டமாக் காட்டும்.

ஷஹனாஸ்: எனக்கென்ன தெரியும்… நெட்டு கோளாறுன்னு நெனச்சு, சரின்னு கட்டை விரலைப் போட்டு விட்டேன். அன்னைக்கு மத்தியானந்தான்… அந்த வெயில்ல… கட்டடச் சாரத்து மேலயே…

நஜ்முன்னிசா: வேணாம்டி. கம்பெனிக்காரன் ஹார்ட் அட்டாக்னு சொல்லிட்டான். சவுதியிலேயே அடக்கமும் பண்ணியாச்சு. அல்லாஹ் நாடுனது…

ஷஹனாஸ்: முடியலைன்னு எங்கிட்ட சொன்னாங்களா, சொல்லலையா? அது தெரியணும்க்கா. சோறு எறங்க மாட்டேங்குது. கட்டத்தை எடுத்து ஒட்டுனா, படமும் பேரும் காட்டுற வெப்சைட் இருக்காமே. உன் போன்ல போட்டுப் பாரேன். எனக்கு அதெல்லாம் வராது.

நஜ்முன்னிசா: கொடு… எனக்கு அனுப்பிக்கிறேன்… காப்பி… ஒட்டியாச்சு. இரு, சுத்துது…

ஷஹனாஸ்: வந்துச்சா?

நஜ்முன்னிசா: ம்… வந்துருச்சு…

ஷஹனாஸ்: அக்கா?

நஜ்முன்னிசா: ரோசாப்பூடி.

ஷஹனாஸ்: ரோசாவா?

நஜ்முன்னிசா: ஆமா… செவப்பு ரோசா. பொண்டாட்டிக்கு வேற எதை அனுப்புவாரு மனுசன்?

ஷஹனாஸ்: ரோசா என் போன்லயே தெரியுமேக்கா. பெருநாளைக்கு நீ அனுப்புனியே…

நஜ்முன்னிசா: இது… இது வேற மாதிரி ரோசா.

ஷஹனாஸ்: எங்க, காட்டு.

நஜ்முன்னிசா: அட, கை பட்டு மூடிருச்சு… சார்ஜும் இல்ல. டீ ஆறுது பாரு, குடி.

ஷஹனாஸ்: நீ ஏன்க்கா கண்ணைத் தொடைக்கிற?

நஜ்முன்னிசா: அடுப்புப் பொகை…

ஷஹனாஸ்: கேஸ் அடுப்புல பொகையா? மொபைல் கடைக்காரரு நட்சத்திரம்னாரு. நம்ம தம்பி தாஹா, முத்தம்னு சொல்லிட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டான். நீ ரோசாங்குற. அந்த வெப்சைட்ல நானே போன வாரம் பாத்துட்டேன்க்கா… சிரிச்சுக்கிட்டே உருகி ஒழுகுற மூஞ்சி. யாராச்சும் ஒருத்தர் உள்ளதைச் சொன்னா, அவங்களக் கட்டிப் புடிச்சு அழுதுரலாம்னுதான் ஒவ்வொரு வாசலா ஏறி எறங்குறேன்.