மங்காத்தாவின் கை

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், ஐயா. பரவாயில்லை, வீட்டில் சர்க்கரையைக் கண்ணால் பார்த்தே மாசக்கணக்காகிறது.

என் பேர் செவ்வந்தி. திருவிடைமருதூருக்குத் தெற்கே நாலு மைலில் வாழ்க்கைப்பட்டவள். உங்கள் லாக்கப்பில் உட்கார்ந்திருக்கிறாரே வைரக்கண்ணு, அவர் என் வீட்டுக்காரர். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

என் அப்பா சங்கத்துக்காரர். கூலி நெல் அரைப்படி கூடக் கேட்டு ஜெயிலுக்குப் போனவர். சீட்டுக்கட்டு வாசல்படி ஏறினால் அரிவாளைத் தூக்குவார். அதனால் எங்கள் வீட்டுப் பெண்களுக்குச் சீட்டு என்றால் வெறும் சீட்டுதான். அதில் எத்தனை ஆட்டம், எதற்கு என்ன பேர் என்று எவள் கண்டாள்?

போன தையில்தான் சர்க்கார் குடிமனைச் சட்டப்படி எங்கள் குடிசை மனையைப் பண்ணையிடமிருந்து வாங்கி எங்களுக்கே பட்டா போட்டுக் கொடுத்தது. அதற்கு மஞ்சள் தடவி அரிசிப் பானைக்குள் வைத்தேன். கொஞ்ச நாளில் இவர் மாறிப்போனார். கூலி நெல் வீடு வந்து சேரவில்லை. மகள் காலில் கிடந்த கொலுசு காணாமல் போனது. கேட்டால் சுவரைப் பார்ப்பார். அவருடைய கூட்டாளி துரைராசு ஒருநாள் வரப்பில் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"மாமாவத் தேடாதக்கா. மங்காத்தா மடியில கெடக்குறாரு. அவ லேசுல விடமாட்டா."

எனக்கு வயிறு எரிந்தது, ஐயா. எங்கள் ஊரில் மங்காத்தா ஒருத்திதான். போர்செட்டுக் கொட்டகைக்கு அடுத்த வீடு. புருஷனை இழந்தவள், நாற்பது வயசு. ஆனாலும் வெற்றிலை போட்டால் உதடு அப்படிச் சிவக்கும். இவர் அந்தப் பக்கம் போவதை நானே பார்த்தேன். நுழைந்தது கொட்டகையிலா, வீட்டிலா என்று நின்று பார்க்கவில்லை. எந்தப் பெண்டாட்டிக்கு அதற்கு மேல் பார்க்க மனசு வரும்?

ஒருநாள் பானைக்குள் கைவிட்டால் பட்டாவைக் காணோம். என் அப்பா மாதிரி ஆட்கள் அடிபட்டு வாங்கிக் கொடுத்த மனையில் அவள் வந்து கோலம் போடுவாள், நான் பிள்ளையோடு ரோட்டில் நிற்பேன் என்றே நினைத்தேன்.

மறுநாள் நடவு. மேட்டூர் திறந்து ஆறு கரை தொட்டு ஓடியது. வீடு திரும்ப ஒற்றைப் பனைமரப் பாலம்தான் வழி. முன்னால் போகிறவள் பின்னால் கை நீட்ட வேண்டும், வருகிறவள் பிடித்துக்கொள்ள வேண்டும். முகம் பார்க்காத சண்டைக்காரிகளும் அங்கே கை கொடுத்தாக வேண்டும். அது எங்கள் நடவாட்கள் வழக்கம். கடைசியாக நானும் மங்காத்தாவும் மிஞ்சினோம். நடுமரத்தில் நின்று, என் வீட்டுக்காரர் உன்னிடம் ஏன் வருகிறார் என்று கேட்டேன்.

"நானும் எத்தனையோ தரம் வெரட்டிப் பாத்துட்டேன் செவ்வந்தி. போகமாட்டேங்குறாரு. நீதான் கட்டிப்போடணும்."

ஒளிக்காமல் சொன்னாளே என்று அவள்மேல் ஒரு மரியாதைகூட வந்தது. கையை உதறினேன். அவள் விழுந்தாள், ஆனால் விடவில்லை; என் வளையலைப் பிடித்துத் தொங்கினாள். மரத்தில் கவிழ்ந்து படுத்துக்கொண்டு விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். நாலு விரல் பிரிப்பதற்குள் ஆறே இழுத்துக்கொண்டது.

வழுக்கிவிட்டாள் என்று ஊர் அழுதது. நானும் அழுதேன். அது பொய் அழுகை இல்லை.

அவளுக்குக் காரியம் முடிந்த மறுநாள் துரைராசு வாசலில் வந்து நின்று, "மாமா, மங்காத்தா காத்துக்கெடக்கு, வா" என்றான். செத்தவள் எப்படிக் காத்துக் கிடப்பாள்? பின்னாலேயே போனேன். கொட்டகைக்குள் ஐந்து பேர். துரைராசு உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று சீட்டுப் போட்டான். என் பட்டா அவன் துண்டுக்கடியில் கிடந்தது. இந்த ஆட்டத்துக்குப் பேர் என்ன என்று கேட்டேன். சொன்னார்கள்.

அவள் விரட்டிப் பார்த்தது சீட்டாடுகிறவர்களை. அதை நினைத்தால் எனக்கும் வருத்தம்தான். ஆனால் உங்களிடம் மறைப்பானேன், வீடு திரும்புகையில் மனசு குளிர்ந்துதான் கிடந்தது. மனை போகட்டும், கொலுசு போகட்டும். இவர் எவளிடமும் போகவில்லை.

இவர் அந்தப் பக்கம் போய்வந்ததை வைத்து இப்போது ஊரே அவர்களுக்குள் தொடுப்பு என்கிறது. அதை மறைக்க இவர்தான் அவளைத் தள்ளினார் என்று நீங்களும் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அதைக் காதால் கேட்க முடியாமல்தான் வந்தேன். தூக்கோ ஆயுளோ, உங்கள் இஷ்டம். எனக்கு அவள்மேல் பொறாமை எதுவும் கிடையாது. ஆனால் எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும், ஐயா. நான் சொன்னதை எழுதின இந்தக் காகிதத்தில் வைரக்கண்ணு, மங்காத்தா என்று இரண்டு பேரையும் ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். அவள் பேரை அடித்துவிட்டு அடுத்த வரியில் போடுங்கள். அப்புறம் கைநாட்டு வைக்கிறேன்.