நூற்று எண்பது நாள்

ஹலோ... ஹலோ, மிசஸ் ஸ்வைகார்ட்டா?... நான் டுவைட் கிரேபில்... ஆமா, மார்லீனோட வீட்டுக்காரர்.

ம்... ஆமா... அனுதாபக் கார்டு வந்துச்சு. நன்றி... சாப்பிடறோம், சாப்பிடறோம். சர்ச்சுலேர்ந்து இன்னும் யாராவது பன்னிக்கறி ஹாம் கொண்டுவந்து குடுக்கறாங்க. ஃப்ரீசர் கதவு மூட மாட்டேங்குது...

இல்லைங்க, எங்க பொண்ணு டெஸ்ஸா விஷயமாத்தான் கூப்பிட்டேன். வீட்டுல படிக்கறாளே, அந்தப் பேப்பர். வருஷா வருஷம் நீங்கதானே வந்து பாத்துக் கையெழுத்துப் போடுவீங்க... ஆமா, ஜூன் முப்பதுக்குள்ள கல்வி ஆபீஸுக்குப் போகணும். இப்ப அஞ்சாவது படிக்கறா.

அதெல்லாம் ரெடியா இருக்கு. நாளைக்கே வந்தாலும் சரி... முழுசா முடிஞ்சது. ஃபைல் என் முன்னாடிதான் இருக்கு. சட்டம் கேக்கற நூத்தி எண்பது நாளும் டிக் போட்டிருக்கு. ரெண்டு தடவ எண்ணினேன்...

என்ன?... இன்னிக்கா? செவ்வாய்... இருபத்திரண்டு. ஏப்ரல்.

...

இருங்க.

கடைசி டிக் மே இருபத்திமூணுன்னு இருக்கு... ஆமா. வரப்போற மே.

மார்லீன் கையெழுத்துதான். நீலப் பேனா... ஆஸ்பத்திரியிலதான் எழுதியிருக்கணும். மடியில ஃபைல வெச்சுட்டு எழுதிட்டே இருந்தா. குறுக்கெழுத்துப் போடறான்னு நெனச்சேன்... தேதி, பாடம், புத்தகத்தோட பேரு, எத்தனாம் பக்கம். எல்லாமே இருக்கு... புனித வெள்ளிக்கு லீவுகூட விட்டிருக்கா.

எனக்குக் கஷ்டம் வேணாம்னு செஞ்சிருப்பா.

ம்... ஆமா, அவ போனது மார்ச் பன்னெண்டு... அடக்கம் பண்ணின திங்கக்கிழமைக்கும் டிக் இருக்கு. எழுத்துக்கூட்டல், ஒரு மணி நேரம்.

சரி... சரி... புரியுது. நடந்த அன்னிக்கு எழுதணும். முன்னாடியே எழுதக் கூடாது... சட்டத்துல அப்படியே இருக்கா?... யாருக்குங்க தெரியப் போவுது?

...உங்களுக்குத் தெரியும். சரி. நான் வாயத் தொறந்திருக்கக் கூடாது.

இல்ல, கோவம் இல்ல. எனக்கு இப்ப எதுவுமே வர்றதில்ல.

மார்ச் பன்னெண்டுக்கு முன்னாடி எழுதினதெல்லாம் நெஜம். முந்தின நாள் செவ்வாய்கூட டெஸ்ஸா ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்துல உக்காந்து வாசிச்சா. மார்லீன் கண்ண மூடிட்டுக் கேட்டா. தப்பா வாசிச்சா மட்டும் கண்ணத் தொறப்பா... அதுக்கப்புறமா? ஒண்ணும் நடக்கல. நான் காலையில அஞ்சு மணிக்கு லாரி ஓட்டப் போயிடறேன். எங்கக்கா வர்றா. டிவி ஓடுது... டெஸ்ஸா அந்த ரூம்லதான் இருக்கா. என்ன பண்றான்னு நான் கேக்கல. என்னன்னு கேக்கறது?

கையெழுத்து இல்லேன்னா என்ன ஆகும்?... விசாரணை. ம்... அப்புறம்?... ஸ்கூல்ல சேக்கணும். பஸ்ஸு. எங்க தெருமுனையிலதான் நிக்கும், ஏழரைக்கு.

கேட்டேன். ஸ்கூலுக்குப் போறியான்னு டெஸ்ஸாவப் போன வாரம் கேட்டேன். "பஸ் வேணாம்பா"ன்னா... இல்லைங்க, அவ்வளவுதான். இந்த ஆறு வாரத்துல அவ என்கிட்ட வாயத் தொறந்து சொன்னது அது ஒண்ணுதான். நானும் சரின்னுட்டேன். ஃபைல்தான் முடிஞ்சிருக்கேன்னு நெனச்சு சரின்னுட்டேன்.

...

சொல்லுங்க, எழுதிக்கறேன். நெஜமான நாள் நூத்தி இருபத்தெட்டு... மீதி அம்பத்திரண்டு... சனிக்கிழமையும் சேக்கலாமா? யாரும் கேக்க மாட்டாங்களா?... அப்ப இன்னிக்கு ஆரம்பிச்சா... ம்... ஜூன் இருபது. லீவே இல்லாம... ஜுரம்கூட வரக் கூடாதுங்கறீங்க. சரி.

புதுத் தாள்ல. என் கையால. அன்னன்னிக்கு ராத்திரியே... மார்லீன் எழுதினதைக் கிழிச்சுடணுமா?... ஓ. முன்னாடி எழுதினா அது திட்டம். திட்டம் வெச்சுக்கலாம்... நல்லது. கிழிக்கச் சொன்னாலும் கிழிச்சிருக்க மாட்டேன்.

இன்னொண்ணா?... உறுதிப் பத்திரம். அதுல பாடம் நடத்தறவங்கன்னு மார்லீன் பேரு இருக்கு, மாத்தணும். நோட்டரிகிட்ட போறேன்... என் பேருதான், வேற யாரு இருக்கா... ஹைஸ்கூல் முடிச்சிருக்கேன். பாஸ்தான். அது போதுமா?... போதுமா! அவ கேட்டிருந்தா சிரிச்சிருப்பா. எனக்கு வகுத்தலே வராதும்பா.

எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?... அவ திட்டத்துல மீதி அம்பத்திரண்டு வரி, மீதி அம்பத்திரண்டு நாள். ஆமா. அப்ப முதல் வரி மார்ச் பன்னெண்டு.

இல்ல, பரவால்ல. படிக்கறேன்.

"மார்ச் பன்னெண்டு, புதன். தீ விபத்துத் தடுப்பு."... இதெல்லாம் ஒரு பாடமா?... சட்டப்படி கட்டாயமா, எல்லா வருஷமும்?... கடைசி வரைக்கும் தள்ளிப் போடுவாளா? உங்ககிட்ட திட்டு வாங்குவாளா? என்கிட்ட சொன்னதே இல்ல...

அப்புறம்... "டுவைட் நடத்தட்டும்."

என் பேரத்தான் எழுதியிருக்கா.

கீழ இன்னும் ஒரு வரி இருக்கு. "அடுக்களை புகை மணிக்கு பேட்டரி மாத்தணும். கிறிஸ்துமஸ்லேர்ந்து சொல்றேன்."

...

இருக்கேன்... இருக்கேங்க. இல்ல, அழல. ஆமா, இன்னும் மாத்தல. பேட்டரி தீந்துட்டா நிமிஷத்துக்கு ஒரு தடவ கீச்சுன்னு கத்தும். பழகிப் போச்சு.

ஒரு நிமிஷம்... டெஸ்ஸா! டிவிய நிறுத்திட்டு இங்க வாம்மா... ஏணி புடிக்கணும்... பாடம்தான்... ஆமா, நான்தான் நடத்தறேன். சிரிக்காத.

மிசஸ் ஸ்வைகார்ட்? வர்றா... தாள் எடுத்துட்டேன். மேல இன்னிக்குத் தேதிதானே... பக்கத்துல நம்பர். நூத்தி இருபத்தொம்பது... ஆனா இப்பவே எழுதக் கூடாதுல்ல. முடிச்சுட்டு எழுதறேன். வெக்கறேங்க.