வாசலில் வசவு வாங்கி, உள்ளே வழி காட்டிய தேசம்மா அவர்களுக்கு

வாருங்கள், கண்ணுகளா! நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். மின்விசிறிச் சத்தத்தில் பின்வரிசைக்குக் கேட்காது. தேசம்மா அக்காவின் பணி நிறைவுக்காக எழுதிய இம்மடலில் புகழ்ச்சி மட்டுமில்லை, ஒரு கதையும் இருக்கிறது. அதில் பாதிதான் உங்களுக்குத் தெரியும்.

வெள்ளை விரிப்புகளை விளங்கவைத்த வித்தகியே! வெந்நீருக்கு முப்பத்தோராண்டு முகம் கொடுத்தும் முகம் சுளிக்காத எங்கள் மேற்பார்வையாளரே! அன்புக்கு அக்காவே, அதட்டலுக்கு அம்மாவே!

ராஜா அண்ணாமலைபுரத்து இச்சலவைக்கூடத்துக்கு மருத்துவமனைகளிலிருந்து மூட்டை மூட்டையாய் வரும் விரிப்புகளைக் கையால் அலசத் தொடங்கினீர்கள். எந்திரம் வந்தபோது எந்திரம் பழகினீர்கள். பழைய முதலாளி மறைந்து கூடம் கைமாறியபோது, கலங்கி நின்ற எங்கள் நாற்பத்திரண்டு பேரையும், “வேல இங்கதான் கீது, பயப்படாதீங்கடி” என்று தேற்றினீர்கள்.

புதிய நிறுவனம் அனுப்பிய மேலாளர் செம்பியன் சாருக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. இருபதாண்டு உதிரிபாகத் தொழிற்சாலையில் இருந்தவர். சலவைத் தொட்டியைக் கண்டதில்லை. வந்த வாரமே, வருகைப் பதிவுக்கு நடையில் விரல் வைக்கும் எந்திரம் மாட்டினார். எங்களில் தொட்டியில் கையால் அலசும் பதினொரு பேரின் விரலை அது ஏற்கவே இல்லை. வேலைக்கு வந்தும் மூன்று நாள் ‘வரவில்லை’ என்றே பதிவாயிற்று.

“கைய ஒழுங்கா வைங்கம்மா” என்றார் அவர்.

“இதுக்கு மேல கயட்டித்தான் சார் குடுக்கணும்!” என்றாள் கயல்.

யாருக்குப் பதிலாகவோ யாரோ கைவைத்து ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்துவிட்டார். நான்காம் நாள் காலை, பதினொரு பேரையும் வேலையை விட்டு நிறுத்தும் கடிதம் சுவரில் ஏறியது. நாங்கள் எல்லோரும் வாசலில் உட்கார்ந்துவிட்டோம். மாலை நான்குக்குள் அறுவைச் சிகிச்சை அறைகளுக்கு விரிப்பு போயாக வேண்டும். மதியத்துக்குள் வேலை தொடங்காவிட்டால் வெளியாட்களை இறக்குவோம் என்றது தலைமை அலுவலகம். எங்கள் அத்தனை பேர் பிழைப்பும் அந்த மதியத்தில் தொங்கிற்று.

எங்களோடு உட்கார்ந்திருந்த நீங்கள் எழுந்து, தனியாக உள்ளே போனீர்கள்.

“பாத்தியா, அக்கா ஆபீஸ் பக்கம் சாஞ்சிடுச்சு!” என்று கத்தினோம். அதைவிடக் கேவலமாகவும் சொன்னோம். நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

உள்ளே செம்பியன் சாரின் கைபேசி ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. வந்த வாரமே தோற்றுப் போகிறோமே என்ற பயம், அவருடைய கோபத்துக்குள் ஒளிந்திருந்தது. நீங்கள் அவரிடம் நியாயம் பேசவில்லை.

“சார், பின்பக்கமா வாங்க. தொட்டியாண்ட ஒரு மணி நேரம் என்கூட அலசுங்க. அப்பால இன்னா வேணா பேசலாம்.”

“இப்பவா? எனக்கு ஏதும்மா நேரம்?”

“இப்பத்தான் சார். உள்ள ஒருத்தியும் இல்ல. யாரும் பாக்க மாட்டாங்க.”

சட்டைக் கையை மடித்துக்கொண்டு தொட்டியருகே நின்று அலசினார். வெந்நீரும் ப்ளீச்சிங் பவுடரும் கால் மணியில் எரிச்சலைத் தந்தன; ஒரு மணியில் விரல் நுனியெல்லாம் ரேகை தெரியாமல் வெளுத்துச் சுருங்கிவிட்டன. நடைக்கு வந்து எந்திரத்தில் விரல் வைத்தார். சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டு வைத்தார். மறுபடியும் சிவப்பு.

“ஒரு மணி நேரத்துக்கே இப்படின்னா, உங்களுக்கெல்லாம்...” என்று தன் விரல்களையே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

நீங்கள் சிரிக்கவில்லை, ‘பாத்தீங்களா’ என்று கேட்கவுமில்லை. துடைக்கத் துண்டை நீட்டினீர்கள்.

“நீங்களே போய்ச் சொல்லிடுங்கம்மா.”

“நான் சொன்னா நான் ஜெயிச்ச மாரி ஆயிடும் சார். நாளைக்கு உங்க பேச்ச எவ கேப்பா? உங்க வாயால சொல்லுங்க.”

“எந்த முகத்தோட வெளிய போறது?”

“இருக்கிற மொகத்தோடதான் சார். வேற எங்க போய் வாங்குறது?”

அவரே சிரித்துவிட்டார். வாசலுக்கு வந்தார், கடிதத்தைக் கிழித்தார். “மெஷினைச் சோதிச்சுப் பாத்தேன். தப்பு என்னோடது, மன்னிச்சுக்குங்க. இனிமே நோட்டுல கையெழுத்துப் போட்டாப் போதும்” என்றார். “மனுசன் நல்ல மனுசன்டி” என்று முதலில் எழுந்தவள் கயல்தான். மூன்றரைக்கு விரிப்பு வண்டி கிளம்பியது.

இரண்டாண்டாக, அவராகவே கண்டுபிடித்தார் என்றே நினைத்திருந்தோம். எங்களில் சிலர் ஒரு மாதம் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடக்கூட இல்லை. நீங்கள் வாயே திறக்கவில்லை. போன வாரம் இம்மடலுக்காகச் செய்தி கேட்கப் போனோம். செம்பியன் சார் அத்தனையும் சொன்னார். “எழுதுங்க. அவங்க சொல்ல மாட்டாங்க. அவங்க வாங்கின திட்டுலதான் நான் இங்க மேலாளரா நிக்கிறேன்” என்றார். கயல், “அக்காவ அந்தப் பேச்சு பேசிட்டேனே” என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஆகவே அக்கா, பலர் காண ஏசிய நாங்கள், பலர் காண எழுந்து நின்று மன்னிப்புக் கேட்கிறோம்.

எரிந்த கைகள் ஆறட்டும்! சீனிவாசபுரத்து உங்கள் வீட்டில் விடிந்த பிறகும் நீங்கள் தூங்கிக் கிடக்கும் காலைகள் பெருகட்டும்! மகன் நந்தகுமாரின் படகு நிறைந்தே கரை சேரட்டும்! மருமகள் எஸ்தர் வைக்கும் குழம்பு, வந்தவர் எல்லோருக்கும் போதட்டும்! உங்கள் வாசலில் என்றும் நல்ல சொல்லே கேட்கட்டும்!

இவண்,
செம்பியன், மேலாளர்
கயலும், நோட்டில் கையெழுத்திடும் மற்ற நாற்பத்தொரு பேரும்