டிரைவரண்ணன் யாரையும் கடத்தவில்லை

நான் இந்தத் தொகுதியில் இம்முறை வென்ற சட்டமன்ற உறுப்பினரின் மனைவி. வயது இருபத்தேழு, முதுகலைப் பட்டதாரி. கட்சி அலுவலகத்தின் மேல்மாடியில் குடியிருக்கிறோம். எழுதத் தெரியும் என்பதால் காவல் நிலையத்துக்கு இந்த வாக்குமூலத்தை என் கைப்படவே எழுதித் தருகிறேன். மகள் மடியில் தூங்குகிறாள், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

தேர்தல் முடிவில் இரண்டு அணிகளும் சமமாக நின்றன. ஒருவர் மாறினாலும் ஆட்சி அந்தப் பக்கம் போய்விடும் என்ற நிலை. அன்றிலிருந்து வீட்டில் போன் ஓயவில்லை. நேற்றுக் காலை என் கணவர் தன் சட்டைகளுக்குத் தானே இஸ்திரி போட்டார். கல்யாணமானதிலிருந்து அவர் இஸ்திரிப் பெட்டியைத் தொட்டு நான் பார்த்ததில்லை. எங்கே கிளம்புகிறீர்கள் என்று கேட்டதற்கு, "சீக்கிரம் வந்துடறேன், டிவி பார்க்காதே" என்றார். அதன் பிறகு ஓட்டுநரை அழைத்தார். அவர், "பாப்பாவுக்கு உடம்பு கொதிக்குது சார், டாக்டர்கிட்ட காட்டிட்டுப் போயிடலாமே" என்று தயங்கினார். "வண்டியை எடுப்பா" என்று என் கணவர் தானே கதவைத் திறந்து ஏறினார். யாரும் அவரைத் தொடவில்லை.

மதியம் ஓட்டுநர் மட்டும் திரும்பி வந்து, எதிரணியினர் தங்கியிருக்கும் விடுதி வாசலில் அவரை இறக்கிவிட்டதாகச் சொன்னார். அதன் பிறகு என்னையும் மகளையும் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். மருந்துக்கடை வரிசையில் நின்று மருந்தை வாங்கித் திரும்பியவரை, என் கணவரைக் கடத்தியவர் என்று காவலர்கள் பிடித்துப் போனார்கள்.

புகார் கொடுத்தவர் என் கணவரின் அண்ணன். மாலையில் வந்து என்னையும் கையெழுத்திடச் சொன்னார். "கடத்திட்டாங்கன்னு சொன்னாத்தாம்மா தம்பி பதவி தப்பும். டிரைவரை அப்புறம் பார்த்துக்கலாம்."

"கடத்தினவரு எதுக்கு மாமா என் பிள்ளைக்கு மருந்து வாங்க வரிசையில நிக்கணும்?"

"படிச்ச பொண்ணைக் கட்டாதேன்னு அப்பவே சொன்னேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

இதை எழுதுவதால் என் கணவரின் பதவி போகலாம். அவர் என்னோடு பேசாமலும் போகலாம். தெரிந்துதான் எழுதுகிறேன். ஓட்டுநரை விட்டுவிட வேண்டும்.

அவரிடமிருந்து கைப்பற்றிய பொருட்களில் ஒரு மருந்துப் பாட்டில் இருக்கும். வேறு வாங்கிக் கொடுத்துவிட்டேன், அது எனக்கு வேண்டாம். அதன் மேல் என் மகளின் பெயர் எழுதியிருக்கும். ஒருமுறை எடுத்துப் பார்க்கவும்.

எழுதியதைத் திரும்ப வாசித்தேன். நடந்ததைத் தவிர இதில் ஒன்றும் இல்லை. யாரும் சொல்லிக்கொடுத்து எழுதவில்லை.

(கையொப்பம்)